பனியன் ஏகாம்பரம் ஏமாந்தவன் இல்லை

என் அன்பு ஏகாம்பரம்,

போன வருஷம் நீ போய்ச் சேர்ந்த பிறகு உனக்கு எழுதும் முதல் கடிதம் இது. உயிரோடு இருந்தபோதும் நாம் கடிதம் எழுதிக்கொண்டதில்லை. எழுதினால் யார் கையிலாவது சிக்கும், சிக்கினால் குட்டு உடைந்துவிடும் என்று நீதான் பயந்தாய். இப்போது ஊரே படிக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன். அச்சுக்குக் கொடுப்பது மட்டும் ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு.

ஞாயிற்றுக்கிழமை மேஜிக் காட்டுகிறவன் என்று என்னைப் பேட்டி எடுக்கிறார்கள். சிரிக்காதே. நம் ஆம்பூர் கேபிள் டி.வி.யில் பொங்கலுக்கு ஒரு நிகழ்ச்சி, நேரடி ஒளிபரப்பு, வாணியம்பாடி வரைக்கும் தெரியுமாம். பேட்டி எடுக்கப் போகிற பெண் கல்லூரி முடித்த கையோடு வந்தவள், படு சுட்டி. என்னென்ன கேட்பாள் என்று போனிலேயே சொல்லிவிட்டாள். "சார், எல்லாரும் பாக்கற ப்ரோக்ராம். கொழந்தைங்கள்ல இருந்து பெரியவங்க வரைக்கும் புரியணும். ஜாஸ்தி இழுக்காம, சிரிக்கிற மாதிரி பதில் ரெடி பண்ணிட்டு வாங்க" என்றாள்.

அன்று முதல் ராணிப்பேட்டைக்கு வேலைக்குப் போகும் பஸ்ஸில் உதட்டை அசைத்துக்கொண்டே போகிறேன். "இன்னா சார், ஜெபமா?" என்று கண்டக்டர் கேட்டுவிட்டான். கம்பெனி ஸ்டோரில் கெமிக்கல் டிரம்களுக்கு நடுவே நின்று பதில் சொல்லிப் பார்க்கிறேன். நீ இருந்திருந்தால் ஒவ்வொன்றுக்கும் "நல்லா இல்ல, மறுபடி சொல்லு" என்று உயிரை வாங்கியிருப்பாய்.

மேஜிக் என்றால் மந்திரமா என்று கேட்பாள். மந்திரம் தெரிந்திருந்தால் காலை பஸ்ஸில் உட்கார ஒரு சீட் வரவழைத்திருக்க மாட்டேனா என்று சொல்லலாம் என்றிருக்கிறேன். எப்படி இருக்கிறது? மனைவியை மறைய வைப்பீர்களா என்றும் கேட்பாளாம். அவள் என்னை வீட்டைவிட்டு மறைய வைக்காமல் இருப்பதே பெரிய விஷயம் என்று ஒரு பதில் வைத்திருக்கிறேன். இதையெல்லாம் ஒரு மாதிரி ஒப்பேற்றிவிடலாம்.

மாட்டிக்கொண்டது கடைசிக் கேள்வியில்தான். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "சார், உங்க மேஜிக்குல எல்லாரும் பேசறது அந்தச் சட்டை உருவற ஐட்டம்தான். அதுல நம்ம ஊர்க்காரரு ஒருத்தரு மாட்னாராமே? பனியன் ஏகாம்பரம்னு. அவரப் பத்தி காமெடியா ரெண்டு வார்த்தை சொல்லுங்க. அத்தோட முடிச்சிக்கலாம்."

சரிம்மா என்று சொல்லி போனை வைத்துவிட்டேன். காமெடியாக ரெண்டு வார்த்தையாம்.

உனக்குத் தெரிந்ததுதான், ஆனால் படிக்கிறவர்களுக்குத் தெரியாதே, கொஞ்சம் பொறுத்துக்கொள். மேடையில் நான் வித்தை காட்டிக்கொண்டிருக்கும்போது கூட்டத்திலிருந்து ஒருவன் எழுந்து, "எல்லாம் டுபாக்கூர்" என்று கத்துவான். நான் அவனை மேடைக்கு அழைப்பேன். ஷிப்ட் முடித்து நேராக வந்தவன் போல ஷூ கம்பெனி கோட்டோடு ஏறி வருவான். அவன் கழுத்துப் பட்டனையும் மணிக்கட்டுப் பட்டன்களையும் கழற்றிவிட்டு, காலரைப் பிடித்து ஒரே இழுப்பு இழுப்பேன். போட்ட கோட்டு போட்டபடி இருக்க, உள்ளே இருந்த சட்டை முழுசாக என் கைக்கு வந்துவிடும். கோட்டுக்குள் வெறும் பனியனோடு அவன் திருதிருவென்று விழிப்பான். கூட்டம் கூரை அதிரச் சிரிக்கும்.

அந்த ஒருவன் நீ. எழுந்து கத்துவது முதல் விழிப்பது வரை எல்லாம் நாம் பேசி வைத்துக்கொண்டது. அந்தச் சட்டையை நீ போட்டிருக்கவே மாட்டாய். முதுகில் போர்த்தி, கழுத்தில் இரண்டு பட்டன், மணிக்கட்டில் பட்டன், சட்டைக் கை உன் கையின் மேலோடு சும்மா கிடக்கும், அதற்கு மேலே கோட்டு. அவ்வளவுதான். போட்டிருப்பவன் கூட்டாளியாக இல்லாவிட்டால் உலகத்தில் எந்த வித்தைக்காரனாலும் அதை உருவ முடியாது.

இதற்காக நாம் பட்ட பாடு நினைவிருக்கிறதா? பாலாற்று மணலில் ஆள் இல்லாத பக்கமாகப் போய்ப் பழகினோம். குடியாத்தத்துக்கும் திருப்பத்தூருக்கும் ஒரே பஸ்ஸில் போவோம், நான் முன்சீட்டில், நீ கடைசி சீட்டில். ஆம்பூர் பஜாரில் எதிரே வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வோம். இத்தனை வருஷத்தில் ஊருக்குள் உன்னோடு ஒரு டீ குடித்ததில்லை. உன் பெண்டாட்டி மல்லிகாவிடமாவது சொல்லேன் என்று நான் எத்தனையோ முறை சொன்னேன். "அவளுக்குத் தெரிஞ்சா அவ அம்மாவுக்குத் தெரியும். அவ அம்மாவுக்குத் தெரிஞ்சா தந்தியே வேணாம். உன் பொழப்புடா அது" என்றாய்.

ஆம்பூரில் மட்டும் அந்த ஐட்டம் வேண்டாம் என்றும் நீதான் சொன்னாய். வேலை செய்கிற ஊர், பெண்டாட்டி பிள்ளை இருக்கிற ஊர். நானும் சரி என்றேன். அப்புறம்தான் அந்தக் கிறிஸ்துமஸ் விழா வந்தது. உங்கள் ஷூ கம்பெனியில் தொழிலாளர் குடும்பங்களுக்காக வைத்தார்கள். நீ மல்லிகாவோடும் உன் பெண் சுமதியோடும் வெறும் பார்வையாளனாக உட்கார்ந்திருந்தாய். சுமதி அப்போது சின்னக் குழந்தை.

அன்றைக்கு எனக்கு எதுவுமே சரிப்படவில்லை. மைக் நின்றுபோனது. கையில் மறைத்திருந்த முட்டை நழுவி மேடையிலேயே உடைந்தது. பசங்கள் "ஆம்லெட், ஆம்லெட்" என்று கத்த ஆரம்பித்தார்கள், பெரியவர்கள் எழுந்து போக ஆரம்பித்தார்கள். சுற்று வட்டாரக் கம்பெனிகளின் ஆட்கள் எல்லாம் முன்வரிசையில் இருந்தார்கள். அன்று அசிங்கப்பட்டுப் போயிருந்தால் இந்தப் பக்கம் எவனும் என்னைக் கூப்பிட்டிருக்க மாட்டான். அப்போதுதான் பின்பக்கமிருந்து உன் குரல் கேட்டது. "எல்லாம் டுபாக்கூர்."

நான் திகைத்துவிட்டேன். நடுவில் எழுந்து பாத்ரூம் போய், போட்டிருந்த சட்டையைக் கழற்றி, அதையே முதுகில் போர்த்திக்கொண்டு, அங்கே தொங்கிய கம்பெனி கோட்டை மாட்டி வந்திருக்கிறாய். யாரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. காலரைப் பிடித்து இழுத்தேன். மற்ற ஊர்களுக்கு வரும்போது நல்ல பனியனாகப் பார்த்துப் போட்டு வருவாய். அன்று திட்டமில்லாத நாள். உள்ளே ஓட்டை பனியன்.

தோலில் ஊசி முனை அளவு ஓட்டை இருந்தாலும் கண்டுபிடிக்கிற செக்கர் நீ. அந்த ஆளின் பனியனில் இத்தனை ஓட்டையா என்று உன் கம்பெனியே உருண்டு புரண்டு சிரித்தது. ஷோ பிழைத்தது, நான் பிழைத்தேன். உனக்குப் பனியன் ஏகாம்பரம் என்று பெயர் ஒட்டிக்கொண்டது, சுமதியைப் பள்ளிக்கூடத்தில் பனியன் பொண்ணு என்று கூப்பிட்டார்கள். ஒருமுறை, சொல்லிவிடலாமா என்று கேட்டேன். "சிரிச்சா சிரிச்சிட்டுப் போறாங்க, வுடு" என்றாய். விட்டுவிட்டோம்.

நீ போன அன்று தெரு முனை வரைக்கும் வந்தேன். "இவன் இன்னாத்துக்கு இங்க வந்தான்?" என்று உன் சொந்தக்காரர் ஒருவர் கேட்டார். உன் முகத்தைப் பார்க்காமலே திரும்பினேன்.

அதனால் முடிவு செய்துவிட்டேன். காமெடி கிடையாது. நடந்ததை நடந்தபடி சொல்லப் போகிறேன். சும்மா சொன்னால் நம்ப மாட்டார்கள், எப்படிச் செய்தோம் என்று சட்டையை வைத்தே காட்டப் போகிறேன். லாங் பஜாரில் பொம்மைக் கடை வைத்திருக்கிறாரே, நம்மை மாதிரி வித்தை காட்டுகிறவர், அவரிடம் இதைச் சொன்னேன். "உனக்கு இன்னா பைத்தியமா? ஐட்டம் அத்தோட காலி. அப்புறம் முட்டையும் கயிறும் பாக்கறதுக்கா உன்னக் கூப்புடுவாங்க?" என்றார். நியாயம்தான். அந்த ஐட்டத்துக்காகத்தான் என்னைக் கூப்பிடுகிறார்கள். போகட்டும் ஏகாம்பரம். இருக்கிற வித்தையை வைத்துக்கொண்டு கூப்பிடுகிற இடத்துக்குப் போகிறேன், கூப்பிடாவிட்டால் வீட்டில் இருக்கிறேன்.

ஆனால் மல்லிகா இதை டி.வி.யில் பார்த்தா தெரிந்துகொள்ள வேண்டும்? நேற்று சாயங்காலம் உன் வீட்டுக்குப் போனேன். சுமதிதான் கதவைத் திறந்தாள். நர்சிங் படிக்கிறாள், லீவில் வந்திருக்கிறாள், உன் நெற்றி அப்படியே இருக்கிறது. மல்லிகா அப்போதுதான் ஸ்டிச்சிங் ஷிப்ட் முடித்து வந்து முகம் கழுவிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் துண்டைக் கொடியில் போட்டாள்.

"இன்னா சார் வேணும்? சட்டைய உருவறதுக்கு இங்க யாரும் இல்ல."

நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுவிட்டு, "பாவம் பாத்து கதை கட்றீங்களா?" என்றாள். "அவரு வெகுளி சார். எவன் உசுப்பி வுட்டாலும் எழுந்து நிப்பாரு. அன்னைக்கும் அப்டிதான் நின்னாரு. புருஷனுக்கு ஒரு நல்ல பனியன் வாங்கிப் போடத் துப்பில்லன்னு ஊரே என்னத்தான் பேசிச்சு. இப்ப வந்து நீங்க ஒண்ணும் பூசி மெழுக வேணாம்."

நான் சத்தியம் செய்தேன். அவள் அசையவில்லை. ஊரை இத்தனை வருஷம் நம்ப வைத்த நம் திறமை, உன் வீட்டில் என்னைக் கவிழ்த்துவிட்டது. கையோடு கோட்டும் சட்டையும் கொண்டுபோயிருந்தேன். அஞ்சு நிமிஷம் கொடும்மா என்று கேட்டு உள்ளறைக்குப் போனேன். நீ போட்டது போலவே போட்டுக்கொண்டு வெளியே வந்தேன்.

மணிக்கட்டில் பட்டன் மாட்டியிருந்தால் முழங்கையை மடக்க முடியாது என்று உனக்குத் தெரியும். மடக்கினால் துணி இழுத்துக் குட்டு தெரிந்துவிடும். கையைத் தொங்கப்போட்டு விறைப்பாகத்தான் நடக்க வேண்டும். நான் அறை வாசலைத் தாண்டி இரண்டு எட்டு வைத்தேன், அவ்வளவுதான்.

"நில்லுங்க" என்றாள் மல்லிகா.

அவள் முகம் மாறிவிட்டிருந்தது. "பாத்ரூமுக்குப் போய்ட்டு வந்தவரு இப்டித்தான் வந்தாரு. உக்காரவே இல்ல. கை இன்னா ஆச்சுன்னு கேட்டேன், ஒண்ணும் இல்லன்னாரு." சுமதி சுவரில் சாய்ந்தாள். "நான் தூக்கச் சொல்லி கையப் புடிச்சி இழுத்தேன்மா. உதறிட்டாரு. அப்பா என்னை உதறினது அது ஒரு தடவதான்" என்றாள். அதை இவ்வளவு காலம் மனசில் வைத்திருந்திருக்கிறாள் உன் பெண். ஏன் உதறினாய் என்று நேற்றுதான் அவளுக்குத் தெரிந்தது.

மல்லிகா அழுதாள். அழுகைக்கு நடுவே உன்னைத்தான் திட்டினாள். "வூட்ல ஒரு வார்த்தை சொல்லியிருந்தா இன்னா கொறஞ்சி போயிருக்கும் அந்த மனுஷனுக்கு?" என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். பதில் சொல்ல வேண்டியவன் நீ. உன்னிடம் இருக்கிறதா?

முகத்தைத் துடைத்துக்கொண்டு, டி.வி.யில் யாரை நிறுத்திச் சட்டையை உருவப் போகிறேன் என்று கேட்டாள். பொம்மைக் கடைக்காரரைக் கெஞ்சிப் பார்க்கலாம் என்றிருக்கிறேன் என்றேன்.

"அவரு நின்ன எடத்துல கண்டவன் எதுக்கு? நீங்களே நில்லுங்கண்ணா. சட்டைய நான் உருவறேன்."

"ம்மா, ஊரே பாக்கும்" என்றாள் சுமதி.

"பாக்கட்டும். அன்னைக்கும் ஊரேதான் பாத்துச்சு." என் பக்கம் திரும்பி, "உள்ள ஓட்டை பனியனாப் பாத்து போட்டுட்டு வாங்க" என்றாள். அழுத கண்ணோடு அதை அவ்வளவு கண்டிப்பாகச் சொன்னாள். கிண்டலா, கட்டளையா என்று எனக்கு இன்னும் புரியவில்லை. எதுவானாலும் கீழ்ப்படியப் போகிறேன்.

இன்று காலை வீட்டில் இருக்கும் பனியன்களை எல்லாம் எடுத்துப் பார்த்து, உள்ளதிலேயே மோசமானதைத் தனியாக எடுத்து வைத்துவிட்டேன். என் மனைவிக்கு வெட்கம். பதிலும் தயார். எல்லாருக்கும் புரிகிற மாதிரி, ஜாஸ்தி இழுக்காமல், அந்தப் பெண் கேட்டபடியே. "இத்தனை வருஷத்தில் என்னிடம் ஒருமுறைகூட ஏமாறாத ஒரே ஆள் ஏகாம்பரம். அன்றைக்கு ஆம்பூரில் தோற்றுப்போய் நின்றவன் நான். தன் மானத்தைக் கொடுத்து என்னைக் காப்பாற்றியது அவன்." சொல்லும்போது குரல் உடைகிறது. ஞாயிற்றுக்கிழமைக்குள் சரி செய்துவிடுவேன்.

உருவிய சட்டை மல்லிகா கையில் இருக்கும். நான் ஓட்டை பனியனோடு காமிரா முன்னால் நிற்பேன். சிரிக்கிறவர்கள் சிரித்து முடிக்கட்டும், காத்திருப்பேன். அப்புறம் சொல்வேன், ஒன்று விடாமல் சொல்வேன். நீ யார் என்று ஆம்பூருக்கு விளங்கும் வரை அந்தச் சட்டையை வாங்கிப் போட்டுக்கொள்ள மாட்டேன். இது உனக்கு நான் கொடுக்கும் வாக்கு.

மல்லிகா அண்ணா என்று கூப்பிட்டுவிட்ட உரிமையில்,
உன் மச்சான்
ஜெபராஜ்