விழாத இரண்டாவது அடி

என் கோபக்காரிக்கு,

விடுதலை! கத்தியோடு வீட்டுக்குள் புகுந்து உன் கழுத்தைப் பிடித்தவனை நான் ஸ்பானரால் அடித்தது தற்காப்புதானாம். மூன்றாம் நாள் அவன் இறந்துபோயிருந்தாலும் அது கொலை ஆகாதாம்.

வக்கீல்தான் குதித்தார். "உங்க சம்சாரமே சொல்லாததை நீங்க ஏன்யா உளறுனீங்க?" லிஃப்ட் ரிப்பேரில் கழற்றிய திருகாணியைக்கூட ஒன்று விடாமல் குறித்துவைத்தே பழகியவன் நான். வேறு எப்படிச் சொல்வேன்? "அவன் விழுந்தப்புறமும் ஓங்கினேங்க. இவ 'போதும், விடுங்க'ன்னு கத்தினா. கையை இறக்கிட்டேன்" என்று கூண்டில் நின்று சொல்லிவிட்டேன். அந்த இரண்டாவது அடி விழுந்திருந்தால் தீர்ப்பே வேறு என்றார் நீதிபதி.

ஆக, என்னைக் காப்பாற்றியது நீ. அது புரியாமல், "பாதியில ஏன்டி தடுத்தே?" என்று எத்தனை நாள் உன்மேல் எரிந்து விழுந்தேன்! அதனால்தானே உன் அம்மா வீட்டுக்குப் போனாய்?

நீதிமன்ற வாசலில் இறந்தவனுடைய அம்மாவைப் பார்த்தேன். பக்கத்தில் போய் நின்றேன். கும்பிட்டுவிட்டு வந்தேன்.

மற்றபடி, நேற்று நன்றாகத் தூங்கினேன். கூடத்தில் அவன் விழுந்த இடத்து டைல்ஸைப் பெயர்த்துப் புதிதாகப் பதித்திருக்கிறேன். உனக்கு அடையாளம் தெரியாது. எனக்குத் தெரியும், தெரியட்டும்.

ஞாயிற்றுக்கிழமை வா. பஸ் ஸ்டாண்டில் நிற்பேன்.

உன் அவசரக்குடுக்கை