யார் பேரில் கேஸ்

வெள்ளிக்கிழமை, இரவு.

அண்ணன் குடும்பத்தோடு கனடாவில் குடியேறப் போகிறான். விசாவுக்குப் போலீஸ் சர்டிபிகேட் கேட்டிருக்கிறார்கள். விசாரிக்க இன்று காலை ஒரு ஏட்டு பிள்ளையார்பாளையம் வீட்டுக்கே வந்தார். அண்ணன் போட்டோ எடுக்கப் போயிருந்தான். வீட்டில் அம்மாவும் நானும்தான்.

"உங்க பையன் பேர்ல கேஸ் எதுனா இருக்குதாமா?"

"இருக்குது சார். அவன் பேர்லதான் இருக்குது," என்றாள் அம்மா, பெருமையாக.

"எத்தினி வருசமா?"

"ஆறு வருசமாவுது சார்."

அம்மா சொன்னது சமையல் கேஸை. கனெக்ஷன் அண்ணன் பேரில்தான் இருக்கிறது. எனக்கு உடனே புரிந்துவிட்டது. ஏட்டு எழுதிக்கொண்டார். நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். "அம்மாவ இனிமே நீதான பாத்துக்கப் போற," என்று முந்தாநாள் அண்ணன் என்னைக் கேட்காமலே முடிவு செய்தது ஞாபகம் வந்தது. ஏட்டுக்கு டீ கொடுத்தேன். சர்க்கரை போதுமா என்று மட்டும் கேட்டேன்.

மாலையில் ஸ்டேஷனிலிருந்து அண்ணனுக்குப் போன் வந்தது. "என் தலையில மண்ண வாரிப் போட்டியே கிழவி!" என்று அம்மாவைப் பார்த்துக் கத்தினான். அப்புறம் என்னிடம், "நீ எங்கடி இருந்த?"

"டீ போட்டுக்கினு இருந்தேண்ணா."

அவன் கத்திய கத்தலில் அம்மாவுக்கு எதுவும் விளங்கவில்லை. நானும் விளக்கவில்லை. அழுது ஓய்ந்து, இப்போது படுத்தபடியே கேட்கிறாள்: "கேஸ உன் பேருக்கு மாத்திடலாமாடி?"

"வேணாம்மா," என்றேன். "அது அவன் பேர்லயே இருக்கட்டும்."