திருவான்மியூர் ஃப்ளாட்டை விற்ற வருஷம்

21 ஜூலை 2024, ஞாயிறு
ஃப்ளாட்டுக்கு ஆள் கிடைத்துவிட்டது. ஆகஸ்ட் ஒன்றாம் தேதி பத்திரப் பதிவு. ஆண்டனிதான் போன் செய்து சொன்னான். வங்கியில் பக்கத்துப் பக்கத்து மேஜையில் இருந்த காலத்தில், 2010இல், இரண்டு பேரும் பாதிப் பாதி போட்டு முதலீடாக வாங்கியது. விலை இரண்டு மடங்குக்குச் சற்று மேல் ஏறியிருக்கிறது, பிரமாதமில்லை. அவன் பங்குப் பணத்தில் வாங்குவதற்கு ஒல்காட் மீனவர் குப்பத்தில் ஒரு ஃபைபர் போட் பேசி வைத்திருக்கிறான்.
"எங்கப்பா என்னை போட்லயே ஏறவுடல, படிக்க வச்சாரு. ரிட்டயர் ஆயும் கரையிலயே குந்திக்கினு கீறேன்டா" என்றான்.
சிரித்துவிட்டேன். அறுபத்து மூன்று வயதில் கடலுக்கு!

23 ஜூலை
பட்ஜெட். சொத்தை விற்கும்போது, வாங்கிய விலையைப் பணவீக்கத்துக்கு ஏற்ப உயர்த்திக் காட்டும் சலுகை போய்விட்டது. இன்றிலிருந்தே. வரி விகிதத்தைக் குறைத்திருக்கிறார்கள். எங்களுடையது போல மெல்ல ஏறிய சொத்துக்கு அதனால் பயனில்லை. நேற்றுவரை அநேகமாக வரியே கிடையாது. இன்று ஆறு லட்சம்.
ஆடிட்டர் ஸ்ரீஹரி, "கொஞ்சம் பொறுங்கோ சார். எதிர்ப்பு பலமா இருக்கு, மாத்தினாலும் மாத்துவா" என்றார்.

26 ஜூலை
பெசன்ட் நகரில் ஆண்டனி வீட்டுக்குப் போனேன். பதிவைத் தள்ளிப்போடலாம் என்றேன்.
"எவ்ளோ நாளு?"
"சட்டத்தை மாத்தறவரைக்கும்."
"போட்காரன் அதுவரைக்கும் எனக்காவ காத்துக்கினு இருப்பானா? வரி போனா போவுது ராகவா. என் பங்குக்கு நான் கட்டிக்கிறேன்."
"என் பங்கை யாருடா கட்டறது? நான் எதுக்கு சும்மா தூக்கிக் குடுக்கணும்?"
அவன் மகள் டயானா டீ கொண்டுவந்து வைத்தாள். இரண்டு பேருமே குடிக்கவில்லை. நான் கையெழுத்துப் போடாமல் விற்க முடியாது. அது அவனுக்கும் தெரியும். வாசல்வரை வந்தான்.

30 ஜூலை
வாங்க இருந்தவர் அட்வான்ஸைத் திருப்பி வாங்கிக்கொண்டார். அடையாறில் வேறு வீடு பார்த்துவிட்டாராம்.

3 ஆகஸ்ட்
போட்டும் கைமாறிவிட்டது. டயானா சொன்னாள். ஆண்டனி என் போனை எடுப்பதில்லை. நான் கேட்டதில் என்ன தப்பு? யாராக இருந்தாலும் யோசிக்கத்தானே செய்வார்கள்?

7 ஆகஸ்ட், புதன்
மாற்றிவிட்டார்கள்! முன்பே வாங்கிய சொத்துக்குப் பழைய முறை, புதிய முறை – எதில் வரி குறைவோ அதைக் கட்டலாமாம். பேப்பரை மடித்து எடுத்துக்கொண்டு, மனைவி விஜயலக்ஷ்மி காபி கலந்துகொண்டிருக்கும்போதே ஆட்டோ பிடித்தேன்.
ஆண்டனி வீடு பூட்டியிருந்தது. பக்கத்து வீட்டு அம்மா, "தெரியாதா சார்? நேத்து காலைல வாய் கோணிக்கினு வுயுந்துட்டாரு. ராயப்பேட்டை ஆஸ்பத்திரில கீறாரு" என்றாள்.
பக்கவாதம். வலது பக்கம் முழுவதும்.

18 ஆகஸ்ட்
நெடுநாளாகவே ரத்த அழுத்தமாம், எப்படியும் வந்திருக்கும் என்கிறார் டாக்டர். விஜயலக்ஷ்மியும், "அதுக்கு நீங்க என்ன பண்ணுவேள்?" என்கிறாள்.
வந்திருக்கும். சரி. அதுக்கு முன்னாடி ஒரு தடவையாவது கடலுக்குப் போயிட்டு வந்திருப்பானே – ஒரே ஒரு தடவை – அதைக்கூட நான்தானே...

24 ஆகஸ்ட்
ஸ்ரீஹரியிடம் ஒரு சந்தேகம் கேட்டேன். கேட்காமலே இருந்திருக்கலாம்.
"பட்ஜெட் அன்னிலேர்ந்து வித்தவா எல்லாருக்கும் இந்தச் சலுகை உண்டு சார். நீங்க ஒண்ணாம் தேதியே வித்திருந்தாலும் இதே வரிதான்."


24 அக்டோபர், வியாழன்
பதிவு முடிந்தது. வேறு ஆள், அதே விலை. டயானா அவனைச் சக்கர நாற்காலியில் வைத்து அழைத்துவந்தாள். அவன் பங்கு வைத்தியத்துக்குப் போகும். அவனுடைய இடது கையைப் பிடித்து ரேகை எடுத்தார்கள்.
வெளியே வந்ததும், "வரி எவ்ளோ?" என்று கேட்டான். வாய் இன்னும் குழறுகிறது.
"ஒண்ணுமே இல்லாத மாதிரிதான்" என்றேன்.
இடது கையால் என் கையைத் தட்டினான். "நீ சொன்னதுதான்டா கரீட்டு. அவசரப்பட்டிருந்தா... ஆறு லட்சம் பூட்டிருக்கும்."
டயானா என்னைப் பார்த்துப் புன்னகைத்தாள். நான் கைக்குட்டையை எடுத்து அவன் வாயோரத்தைத் துடைத்துவிட்டேன்.