பத்தொன்பதாவது பிள்ளை

அண்ணி,

இன்று காலை அலுவலகத்துக்குப் பின்னால் லாலாங் புல் வெட்டினார்கள். பெட்ரோல் வாசமும் பச்சைப் புல் வாசமும் கலந்து ஜன்னல் வழியாக வந்தன. கையிலிருந்த கோப்பை மூடினேன், எழுந்தேன், உட்கார்ந்தேன், மறுபடியும் எழுந்தேன். பக்கத்து மேசைக்காரி, "என்னக்கா, ஒரு இடத்துல இருக்க மாட்டேங்கிறீங்க?" என்றாள். இருக்க முடியவில்லை. அந்த வாசம் வந்தாலே லிங்கி ரப்பர் தோட்டத்து இடுகாட்டில் நீங்கள் பாராங் கத்தியோடு குனிந்து நிற்பதுதான் தெரிகிறது.

வீடுகள் கட்டுவதற்காகத் தோட்டத்தை விற்றிருந்த சமயம் அது. பழைய இடுகாடுகளைச் சுற்றி வேலி போட எங்கள் நகராண்மைக் கழகத்துக்கு ஒதுக்கீடு வந்திருக்கிறது என்று உங்களிடம் சொன்னவள் நான்தான். அந்தக் கோப்புகள் என் மேசை வழியாகத்தான் போகும். மறுநாளே மனுவோடு வந்து நின்றீர்கள். ஆனால் கல்லறை இருக்கும் பகுதிக்கு மட்டும்தான் வேலி என்பது விதி. சர்வேயர் சிவப்பு நாடா கட்டிய முளைகளை அடித்துக்கொண்டே வந்தார். சிமெண்டுக் கல்லறைகள் எல்லாம் உள்ளே வந்தன. ஓடைப் பக்கத்து மூலை மட்டும் வெளியே நின்றது. புதுச் சாலை அதன் மேல்தான் வருவதாக இருந்தது.

"இங்க ஒண்ணும் இல்லையேம்மா, வெறும் லாலாங்தானே," என்றார் அவர்.

நீங்கள் குனிந்து புல்லை வெட்ட ஆரம்பித்தீர்கள். டயாலிசிஸ் செய்த மறுநாள் அது. நான் கத்தியை வாங்கப் பார்த்தேன், தரவில்லை. தரை தெரிந்த பிறகுதான் நிமிர்ந்தீர்கள். சின்னச் சின்ன மேடுகள். சிலவற்றின் தலைமாட்டில் ஓடையிலிருந்து எடுத்து வைத்த கல்.

"பத்தொம்பது பிள்ளைங்க. என் பிள்ளையும் இங்கதான் இருக்கான். இது மேல ரோடு போடுவீங்களா?"

அவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். முளையைப் பிடுங்க அவருக்கு அதிகாரம் இல்லை. "இறந்தவங்க பேரோட பட்டியல் குடுங்கம்மா. அதைக் காட்டித்தான் வேலிக் கோட்டை மாத்தக் கேக்க முடியும்," என்றார்.

அங்கேதான் சிக்கல். அந்தப் பிள்ளைகளில் பலருக்குப் பெயரே கிடையாது. பெயர் வைப்பதற்குள் காய்ச்சல் வந்துவிட்டது. விண்ணப்பப் பாரத்தில் பெயர் என்று ஒரு கட்டம் இருந்தது. அதை வெறுமையாக விட்டால் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று சொன்னேன். நீங்கள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தீர்கள்.

"பிள்ளைக்குப் பேரு இல்லன்னா என்ன? பெத்தவளுக்குப் பேரு இருக்குல்ல, அதைப் போடு."

அதன் பிறகு அண்ணனுடைய மோட்டார் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து நீங்கள் அலைந்த அலைச்சல்! தோட்டத்து லயத்து வீடுகளிலிருந்து எங்கெங்கோ சிதறிப்போன பெண்களைத் தேடிப் போய்ப் பட்டியலுக்குக் கையெழுத்து வாங்கினீர்கள். லோபாக்கில் சிலர், சி ரூசாவில் தங்கும்விடுதித் துணி துவைக்கும் இடத்தில் ஒருத்தி. இன்னொருத்தி கதவையே சாத்திவிட்டாள். அப்படி ஒரு பிள்ளை இருந்ததை அவள் வீட்டில் இப்போது இருக்கும் யாருக்கும் சொன்னதில்லை. நீங்கள் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டீர்கள். வெயில் ஏறியதும் அவளாகவே வெளியே வந்து, உங்களுக்குத் தண்ணீர் கொடுத்துவிட்டு, நின்றபடியே கைநாட்டு வைத்தாளாம்.

பட்டியலை உங்கள் வீட்டு மேசையில் வைத்துத்தான் முடித்தோம். கடைசி வரியில் உங்கள் பெயர். அப்போது நான் சொன்னதை நீங்கள் மறந்துவிட்டுப் போயிருக்கலாம். எனக்கு மறக்கவில்லை.

"அண்ணி, மனு போட்டது நீங்க. பட்டியல் டைப் பண்றது நான். நம்ம குடும்பத்துப் பிள்ளையும் இதுல இருந்தா, சொந்தத்துக்காகச் செஞ்சேன்னு சொல்லிடுவாங்க. எனக்கு வேலையே போயிடும்."

என் கையிலிருந்த பேனாவை வாங்கினீர்கள். பிறகு, "சரி. வேலிக்குள்ள வந்துட்டாப் போதும். அவனுக்கு எதுக்குப் பேரு," என்று சொல்லி நீங்களே அந்த வரியை அடித்தீர்கள். எனக்கு அப்போது வந்தது நிம்மதிதான், அண்ணி. அதை நினைத்தால்தான் இப்போது உடம்பு கூசுகிறது.

கழகக் கூட்டத்தில் பதினெட்டுப் பெயர்களையும் படித்தார்கள். கோடு மாறியது, சாலை தள்ளிப் போனது. கான்கிரீட் தூண்கள் நட்டதை வந்து பார்த்தீர்கள். கம்பி கட்டுவதற்குள் எங்களை விட்டே போய்விட்டீர்கள்.

போன வாரம் இடுகாட்டு வாசலில் வைக்கப்போகும் பெயர்ப் பலகையின் மாதிரி என் மேசைக்கு வந்தது. எழுத்துப் பிழை பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். பதினெட்டு வரிகள், ஒரு பிழையும் இல்லை. மூன்று நாள் கையெழுத்துப் போடாமல் வைத்திருந்தேன். நான்காம் நாள் மேலதிகாரியின் அறைக்குப் போய், இன்னும் ஒரு குழந்தை இருக்கிறது, அது என் அண்ணன் மகன் என்றேன்.

ஏன் அப்போதே சொல்லவில்லை என்று அந்த அம்மாள் மலாயில் கேட்டார்.

"பயந்துவிட்டேன், புவான்."

எழுத்தில் விளக்கம் கேட்டிருக்கிறார். கூடவே குடும்பத்திலிருந்து ஒரு கடிதமும் வேண்டுமாம். பலகை அடுத்த கூட்டம் வரை நிற்கிறது. என்ன ஆகும் என்று தெரியவில்லை. ஆனாலும் விளக்கத்தை எழுதிக் கொடுத்துவிட்டேன், ஒன்றையும் மறைக்காமல்.

கடிதத்தில் கையெழுத்து வாங்க லோபாக் வீட்டுக்குப் போனேன். அண்ணன் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு இரண்டு தடவை படித்தார், கையெழுத்துப் போட்டார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"உங்கண்ணி அவனுக்கு ஒரு பேரு வச்சிருந்தா. காலையில பால்மரத்துக்குப் போறப்ப அதைச் சொல்லிப் பேசிக்கிட்டே போவா. நான் பின்னால வர்றது அவளுக்குத் தெரியாது."

அந்தப் பெயரையும் சொன்னார்.

"பலகையில போடச் சொல்லவாண்ணே?"

"வேணாம்லா. எங்கிட்டயே சொல்லாம வச்சிருந்தா. மத்த பிள்ளைங்களுக்குப் போட்ட மாதிரியே போடு."

அதனால் கூட்டம் சம்மதித்தால் பத்தொன்பதாவது வரியில் உங்கள் பெயர்தான் வரும். அவன் பெயர் அண்ணனிடமும் என்னிடமும் மட்டும். உங்களைக் கேட்காமல் வாங்கிக்கொண்டேனே என்று ஒரு நேரம் தோன்றுகிறது. இதையாவது காப்பாற்றுவோம் என்று இன்னொரு நேரம் தோன்றுகிறது. பாத்திரம் கழுவும்போதுகூட வாய் வரை வருகிறது, மூடிக்கொள்கிறேன்.

நேற்று சிரம்பான் பேருந்து நிலையத்தில், கூட்டத்துக்குள் ஒரு தாய் அதே பெயரைச் சொல்லித் தன் மகனைக் கூப்பிட்டாள். அவன் திரும்புவதற்கு முன்னால் நான் திரும்பிவிட்டேன், அண்ணி.