குவெசியின் கைத்தடி

அன்புத் தங்கை எஃபுவாவுக்கு,

ஆண்டவர் கிருபையால் நலமாயிருப்பாய் என்று நம்புகிறேன். உன் முழங்கால் எப்படி இருக்கிறது? மருத்துவர் சொல்லியும் நீ நடப்பதில்லையாமே.

இங்கே வடக்கே தமாலேயில் நான் தினமும் காலையில் பள்ளி விடுதியிலிருந்து சந்தை வரை நடக்கிறேன். மூச்சிரைப்பு குறைந்துவிட்டது. நேற்று சோறு விற்கும் மெமுனா வழிமறித்தாள்.

"கறுப்புத் துணி கட்டிக்கிட்டு வெறுங்கையோட எங்கம்மா போறீங்க?"

"எங்கயும் இல்ல. சும்மா நடக்கறேன்."

"ஐயோ பாவம், புருஷன் போன துக்கத்துல வீடே மறந்துபோச்சு!"

விடுதிக் காப்பாளரான என்னையே கையைப் பிடித்து வாசலில் கொண்டுவந்து விட்டாள். மாணவிகள் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன்.

எஃபுவா, பக்கவாதம் வந்தபின் உன் அத்தான் குவெசியையும் நடக்கத்தான் சொன்னார்கள். அவர் காலை இழுத்து நடப்பதை நம் ஊர்த் தெரு பார்க்கக் கூடாதென்று நான்தான் முற்றத்தைத் தாண்ட விடவில்லை. "ஒருநாள் கடற்கரை வரைக்கும் போவோமா, அராபா?" என்று கேட்டார். "கால் சரியாகட்டும்" என்றேன். அது சரியாகவே இல்லை.

உன் வீட்டில் நான் விட்டுவந்த அவர் கைத்தடியை அனுப்பிவை. துடைக்காதே, அவர் கை பட்டபடியே இருக்கட்டும். யாரிடமும் கொடுத்தனுப்பாமல், நீயே அதை ஊன்றி லாரி நிலையம் வரை நடந்து போய், இங்கே வரும் வண்டியில் கொடு. எங்கே போகிறாய் என்று தெருவில் கேட்டால், நடக்கப் போகிறேன் என்று உரக்கச் சொல்.

பள்ளி மணி அடித்துவிட்டது.

அக்கா அராபா