என் கன்னத்தில் முளைத்த செடி

அன்பு மகன் ரெமிகியோவுக்கு, சித்தப்பா தியோபிலோ எழுதுவது. இங்கே நானும் உன் சித்தியும் உன் தங்கை சுல்மாவும் நம் மந்தை லாமாக்களும் மூச்சுவிட்டுக்கொண்டிருக்கிறோம், சாவ் பாலோவில் தையல் இயந்திரங்களுக்கு நடுவே நீயும் அப்படியே இருப்பாய் என்று நம்புகிறேன். இனி சொல்லப்போவதை நீ நம்ப மாட்டாய், நம் ஊர்ப் பாதிரியாரே முட்டி போட்டுச் சத்தியம் செய்தாலும் நம்ப மாட்டாய். போன வாரம் நான் ஒரு செடி என்று பள்ளிக்கூடத்தில் தீர்ப்பாகிவிட்டது.

லா பாஸிலிருந்து அராமயோ என்று ஒரு அறிவியல் வாத்தியார் வந்திருக்கிறார். எதையும் நம்பாத மனிதர், தன் நிழலையே இரண்டு தரம் திரும்பிப் பார்ப்பார். ஓருரோவில் நடக்கும் அறிவியல் போட்டிக்கு நம் சுல்மாவைத்தான் தேர்ந்தெடுத்திருந்தார். செடியின் செல்லுக்குச் சுற்றிச் சுவர் உண்டு, இலையென்றால் உள்ளே பச்சை மணிகளும் உண்டு, நம் செல்லுக்கு வெறும் சவ்வுதான் என்று பாடம் நடத்திவிட்டு, வீட்டுப் பெரியவர் ஒருவரின் உள்கன்னத்தைச் சுரண்டிக் கண்ணாடித் துண்டில் தடவிக் கொண்டுவரச் சொன்னாராம். சுல்மா என்னிடம் வந்து வாயைக் கொப்பளிக்கச் சொன்னாள். காலையிலிருந்து வெற்றிலை மாதிரி மென்று அடக்கி வைத்திருந்த கோக்கா இலையை மறு கன்னத்துக்குத் தள்ளிவிட்டு முறையாகக் கொப்பளித்தேன். துப்பச் சொல்லவில்லையே.

மறுநாள் நுண்ணோக்கியில் கண்ணை வைத்த வாத்தியார், "இது மனுஷன் வாயா, முட்டைக்கோஸ் தோட்டமா? எங்கேயோ இலையைச் சுரண்டிட்டு வந்து என்னை ஏமாத்தப் பாக்குறியா?" என்று கேட்டுப் போட்டியிலிருந்து அவள் பெயரை அடித்துவிட்டார். பிள்ளை வீட்டுக்கு வந்து சாப்பிடவில்லை. உன் சித்தி பாஸ்குவாலாவுக்கோ என் மேலேயே சந்தேகம். "அதான் வெயில்ல உக்காந்தா எந்திரிக்கவே மாட்டேங்கிறாரு" என்று சொல்லி என் காதுக்குப் பின்னால் துளிர் தேடினாள். எனக்கு அந்த நுண்ணோக்கி மேல் சந்தேகம், அதை விற்றவன் மேல் சந்தேகம், எல்லாவற்றுக்கும் மேலாக உதட்டைத் திறக்காமலே சிரிக்கிற அந்த வாத்தியார் மேல்.

தொப்பியை மாட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் போனேன். அராமயோ என்னை வேர் முதல் நுனி வரை பார்த்துவிட்டு, "பெரியவரே, உங்களுக்குத் தண்ணி ஊத்துறது யாரு?" என்றார். வகுப்பே சிரித்தது, சுல்மா சிரிக்கவில்லை. இலையைத் துப்பச் சொன்னாள், ஒரு குளத்தைக் காலி செய்யுமளவு கொப்பளிக்க வைத்தாள், புதிதாகச் சுரண்டி நீலச் சாயம் ஒரு சொட்டு விட்டாள். தட்டில் ஊற்றிய முட்டை மாதிரி, சுவர் இல்லாமல், நடுவில் நீல உட்கருவோடு என் செல்கள் பரந்து கிடந்தன, ஒவ்வொன்றும் நம் கினோவா வயல் அகலம். பிறகு பழைய கண்ணாடித் துண்டைக் காட்டி, "சுவரும் பச்சையும் இருக்கிறது இலையோட துணுக்கு சார். பக்கத்துலயே சுவர் இல்லாம கிடக்குது பாருங்க, அது சித்தப்பாவோடது. ரெண்டும் முதல்லயே இருந்துச்சு" என்றாள்.

வாத்தியார் அப்போதும் விடவில்லை, வீட்டிலேயே இலையைக் கலந்திருக்கலாமே என்றார். அவள், "அப்போ உங்க கன்னத்தையும் வெச்சுப் பாத்துடலாம் சார், சித்தப்பாவோடதும் உங்களோடதும் ஒண்ணா இல்லையான்னு" என்றாள். லா பாஸில் நாங்கள் கோக்கா மெல்வதில்லை என்றார். மெல்லாதவர் எதற்குப் பயப்படுகிறார் என்று நான் கூரையிடம் கேட்டேன். வேறு வழியில்லாமல் அவரே சுரண்டி, அவரே சாயம் விட்டு, அவரே குனிந்தார். அந்த நுண்ணோக்கிக்குள் அவர் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் வெளியே இரண்டு லாமாக்கள் குட்டி போட்டன. என் செல்லுக்கும் தன் செல்லுக்கும் வித்தியாசம் தெரியவில்லை போல, நிமிர்ந்து சுல்மாவின் பெயரைத் திரும்ப எழுதினார். எழுதும்போது பல் தெரிந்தது, நல்ல பச்சை.

நேரத்துக்குச் சாப்பிடு, பட்டறைக்காரன் இனிக்க இனிக்கப் பேசினால் ஒரு அடி தள்ளி நில். வியாழக்கிழமை போட்டி, அன்று காலை தங்கைக்கு மறக்காமல் போன் பண்ணு. பூமித்தாய் பச்சமாமா உன்னைக் குறையில்லாமல் வைக்கட்டும். லாமாக் குட்டி, கினோவா வயல், பச்சைப் பல் எல்லாம் என் கைச்சரக்கு, உனக்குத் தெரியாததா. ஆனால் அத்தனை பேர் நடுவில் வாத்தியாரின் கன்னத்தைக் கேட்டபோது நம் பெண்ணின் குரல் நடுங்கவே இல்லை, அது மட்டும் நிஜம்.

இப்படிக்கு, நீரூற்ற ஆளில்லாத உன் சித்தப்பா,
தியோபிலோ