பிரிக்காத பீடிக்கட்டு

ஆன்சி அப்பாவுக்கு,

எழுப்பலைங்க, தூங்குங்க. நேத்து, "வேலைக்குப் போகாம படுத்தே கிடக்கிறீங்க, எச்சில் ஒழுகுறதுகூடத் தெரியலை"ன்னு கத்தினேனே, அது என் தப்பு.

இப்பத்தான் உங்க மனநல டாக்டருக்குப் போன் போட்டேன். எல்லாத்தையும் கேட்டுட்டு, "கஸ்பார் பீடியை விட்டுட்டாரா?"ன்னார். "அவராவது, விடுறதாவது"ன்னு சிரிச்சுக்கிட்டே உங்க சட்டைப் பையைத் தடவினேன். சாம்பல் புதனுக்கு முந்தின நாள் நான் வாங்கிக் கொடுத்த கட்டு இன்னும் பிரிக்காம இருக்கு.

பீடி குடிச்சா நீங்க சாப்பிடுற குளோசபின் மாத்திரை உடம்புல சீக்கிரம் தீர்ந்துடுமாம். புகை நின்னுட்டா அதே மாத்திரை ரத்தத்துல கூடிப்போயிடுமாம். அதான் இந்தத் தூக்கம். இருபது வருஷப் பீடியை ஒருத்தர்கிட்டயும் சொல்லாம தவக்காலத்துக்கு விட்ட மனுசனைப் போய்ச் சோம்பேறின்னுட்டேன்.

பதினோரு மணிக்கு ரத்தம் எடுக்கணும். நான் வேலை பார்க்கிற செவ்வாய்ப்பேட்டைக் கடையில லீவு சொல்லிட்டு ஆட்டோவோட வாரேன். அதுவரைக்கும் ஆன்சி பக்கத்துல இருப்பா. வண்டியைத் தொடாதீங்க. இட்லி ஹாட்பாக்ஸ்ல இருக்கு. மாத்திரையை நீங்களா குறைக்கவோ நிறுத்தவோ வேண்டாம், டாக்டர் பார்த்துச் சொல்வார்.

அக்சிலியா

பி.கு: இதைப் படிச்சுட்டு, ரத்தத்துல மாத்திரை அளவு இறங்கட்டும்னு ஒரு பீடியைப் பத்த வெச்சுடாதீங்க. தவக்காலம் முடியுற ஈஸ்டர் அன்னைக்கும்தான்.

இன்னொண்ணு: நேர்ச்சையை வெளிய சொல்லக் கூடாதுதான். டாக்டர்கிட்ட சொல்லியாச்சு. கடையில லீவு கேக்கும்போதும், "எங்க வீட்டுக்காரர் பீடியை விட்டுட்டாருங்க"ன்னு சொல்லத்தான் போறேன், கல்லாவுல இருக்கிறவங்களுக்கும் கேக்குற மாதிரி.